கான்டெஸ்ஸாவுக்கு டர்போ: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

கேள்வி: என்னிடம் இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின் கான்டெஸ்ஸா இருக்கிறது. டர்போ பொருத்த ஆசை. பழைய கார்புரேட்டரே போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கார்புரேட்டர் வேண்டாம். இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிடுங்கள்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்தக் காரைத் தயாரித்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. கார்புரேட்டரின் பழைய ஜெட் அப்படியே இருந்தால் எரிபொருள் போதாது. சாதாரண ஓட்டத்தில் இழுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். டர்போ அழுத்தத்தில் அதே குறை நாக்கிங்காக மாறி பிஸ்டனையே உருக்கிவிடும். இன்ஜெக்‌ஷன் என்றால் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈ.சி.யூ. அளவைத் திருத்திக்கொள்ளும்.

கார்புரேட்டருக்கு 3, 4 பி.எஸ்.ஐ. எரிபொருள் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்குச் சுமார் 43 வேண்டும். பூஸ்ட் ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். ஆகவே புது பம்ப், மேனிஃபோல்டு அழுத்தத்தை உணரும் ரெகுலேட்டர், டேங்குக்கு ரிட்டர்ன் லைன்.

அதற்கெல்லாம் முன்னால் டேங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓடாமல் நின்ற வண்டியில் அடியில் துரு படிந்திருக்கும். பழைய ரப்பர் ஹோஸை மடக்கினால் வெடிப்பு தெரியும். எத்தனாலைத் தாங்கும் உயரழுத்த ஹோஸ்தான் போட வேண்டும்.

அறுவடை இயந்திரங்களின் டீசல் பம்பைப் பிரித்து மேயும் மெக்கானிக்குகள் நம் டெல்டாவில் உண்டு. பெட்ரோல் ஈ.சி.யூ. டியூனிங் வேறு வித்தை. அதற்கென்று பழகியவரிடமே கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொருள் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.