பெண் வழக்கறிஞரும் வரவு செலவும்

பெண்கள் வழக்கறிஞராகும் உரிமையை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. நம்மில் ஒருத்தி நாளை கடலூரிலோ சிதம்பரத்திலோ தனியே தொழில் தொடங்கினால், முதலில் வரவு செலவைத் திட்டமிட வேண்டும்.

பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். அதற்குமேல் வாங்கலாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறை வாடகை, சட்ட நூல்கள், குமாஸ்தா சம்பளம், பேருந்துச் செலவு ஆகியவை மாதந்தோறும் வரும். வருமானமோ அப்படி வராது. மாதச் செலவு 12,000 ரூபாய் என்று கொண்டால், ஆறு மாதத்திற்கு 72,000 ரூபாய் கையிருப்பு வேண்டும். வீட்டுத் திண்ணையறையே முதல் அலுவலகமானால் வாடகை மிச்சம்.

நீதிமன்றக் கட்டணத்திற்காகக் கட்சிக்காரர் தரும் பணம் நம் வருமானம் அன்று. அதற்குக் கணக்கு வைப்பது பார் கவுன்சில் விதி. அதைக் கைச்செலவுக்கு எடுத்தால் ஏழையின் வழக்கு நின்றுபோகும் அல்லவா? நேர்மையான கணக்கே நமது முதல் மூலதனம்.