கழுத்துக் கட்டியும் மூளைக்குச் செல்லும் தமனியும்

“கட்டி பெரிய இரத்தக்குழாயை ஒட்டியுள்ளது” என்று ஸ்கேன் அறிக்கையில் படித்ததும், இனி அறுவை சிகிச்சையே இயலாதோ எனக் குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். ஒட்டியிருப்பது வேறு, ஊடுருவியிருப்பது வேறு.

கழுத்தின் இருபுறமும் விரலுக்குத் துடிப்பாகத் தெரியும் கரோடிட் தமனி, குரல்வளை மேட்டின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்திற்கும் நாக்கிற்கும் செல்வது. தேவையானால் அதைக் கட்டிவிடலாம், பக்கக் கிளைகள் ஈடுசெய்யும். உட்கிளை மூளைக்கு உரியது. அது அடைபட்டால் பக்கவாதம் நேரலாம். ஆகவே எங்கள் கவலை முழுவதும் உட்கிளையைப் பற்றியதே.

தமனியின் சுற்றளவில் முக்கால் பங்கிற்கு மேல், அதாவது 270 பாகைக்கு மேல், கட்டி சூழ்ந்திருந்தால் பிரித்தெடுப்பது கடினம். அதற்குக் குறைவாயின் பெரும்பாலும் தமனிச் சுவரிலிருந்து உரித்தெடுக்க இயலும். அறுவையின்போது கட்டி இல்லாத இடத்தில், கீழும் மேலுமாகத் தமனியைக் கண்டறிந்து நாடா சுற்றி வைத்த பின்னரே கட்டியை நெருங்குவோம். இரத்தம் பீறிட்டால் அந்த நாடாவே கடிவாளம்.

தமனியின் ஒரு பகுதியையே நீக்க நேரலாம் என்ற ஐயம் இருந்தால், முன்னதாகப் பலூன் சோதனை செய்யப்படும். தொடை வழியே செலுத்திய சிறு பலூனால் உட்கிளையைச் சுமார் அரை மணி நேரம் அடைத்து, விழித்திருக்கும் நோயாளியைப் பேசவும் கைகால்களை அசைக்கவும் சொல்வர். தளர்ச்சி தென்பட்டால் உடனே பலூன் சுருக்கப்படும். இச்சோதனையில் தேறினாலும் பக்கவாத அபாயம் முற்றிலும் நீங்கிவிடாது. கையொப்பமிடும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நீக்கிய இடத்தில் காலிலிருந்து எடுத்த சிரையைப் பொருத்துவதும் உண்டு.

தமனி பிரியும் கவட்டிலேயே வளரும் கரோடிட் பாடி கட்டி பெரும்பாலும் புற்றன்று. ஆயினும் இரத்த ஓட்டம் மிகுந்தது. கழுத்தில் துடிக்கும் கட்டி எதையும் நீவிவிட வேண்டா. ஸ்கேன் எடுக்காமல் கீறவோ சதை எடுக்கவோ இசைய வேண்டா.

வீடு திரும்பிய பின்னரும் ஓர் எச்சரிக்கை உண்டு. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், புண் ஆறாமல் உமிழ்நீர் கசிபவர்களுக்கும் தமனிச் சுவர் நலிவடையக்கூடும். இவர்களுக்குக் கழுத்துப் புண்ணிலிருந்தோ வாயிலிருந்தோ சிறிது இரத்தம் வந்து தானே நின்றாலும், பெரும் இரத்தப்போக்கிற்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம். திருவக்கரை போன்ற ஊர்களிலிருந்து வருவோர், இரவில் தொலைவை எண்ணி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. இரத்தம் வரும் கழுத்துப் புண்ணைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடித்தவாறே 108-ஐ அழையுங்கள்.