'வீட்டுலதானே இருக்கே?'

கேள்வி: சென்னையில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். திருமணமாகி மதுரைக்கு வந்தபின், வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு ரேப்பர், லேஅவுட் செய்து தருகிறேன். சிலிண்டர் வந்தாலும், பக்கத்து வீட்டுக்குக் கூரியர் வந்தாலும் 'நீ வீட்டுலதானே இருக்கே' என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பதிப்பாளர்களோ ராத்திரி பத்து மணிக்கு 'ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்' என்கிறார்கள். பணம் கேட்டால் 'புக் ஃபேர் முடியட்டும்மா.' பேசாமல் மறுபடி வேலைக்கே போய்விடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் வீட்டு விஷயம். காலை பத்திலிருந்து ஒன்றரை வரை கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்க வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவர் திறக்கட்டும். நான்கு நாள் முகம் தூக்குவார்கள், பிறகு பழகிவிடும். உண்மையைச் சொன்னால், மாதா மாதம் கணக்கில் பணம் விழ ஆரம்பித்தாலே பாதிப் பேச்சு அடங்கும். அதனால் பாக்கிதான் உங்கள் பெரிய பிரச்சினை.

வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: ரேப்பருக்கு எவ்வளவு, உள்பக்கத்துக்கு எவ்வளவு, பாதி முன்பணம், இரண்டு முறை கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். இதை எழுதிவிட்டால் 'சின்ன' கரெக்‌ஷன்கள் தாமாகவே குறையும். மாதிரி பார்க்க வாட்டர்மார்க் போட்ட பிடிஎஃப் போதும். முழுப் பணம் வராமல் ஓபன் ஃபைலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தபின் உங்கள் கையில் பிடி ஒன்றும் கிடையாது.

அடுத்து, ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக்கொண்டு மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை, பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களில் சிக்கிவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் முடித்த வேலையைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எதுவும் பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. பணம் வரவில்லையென்றால் இதே சட்டப்படி அமைந்த வசதியாக்கல் மன்றத்துக்கு ஆன்லைனிலேயே புகார் அனுப்பலாம். பதிவுக்கு முன்பு முடித்த வேலைக்கு இது பொருந்துமா என்பதில் உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆகவே அடுத்த வேலைக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

புகார் வரை போகத் தயங்குவீர்கள், தெரியும். சின்ன உலகம், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஆனால் பில்லில் உத்யம் எண்ணைப் போட்டாலே ஒரு வேலை நடக்கும்: கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை பதிப்பாளர் அதைச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே அவரை விரட்டுவார். டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருபவர்கள் அதை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம்.

வேலைக்குத் திரும்ப இப்போது அவசியமில்லை. போன வருட பாக்கியைத் தராதவரின் ரேப்பரை மட்டும் இந்த நவம்பரில் தொடாதீர்கள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் டிசைனர் கிடைக்காமல் அலையப்போவது அவர்தான், நீங்கள் அல்ல.