வருமுன் காக்கும் மீட்புப் புள்ளி

நுழையும்முன்

மாற்றமின்றி வளர்ச்சியில்லை. ஆனால், ஒவ்வொரு மாற்றமும் தவறிப்போகும் வாய்ப்பையும் உடன்கொண்டே வருகிறது. கணினியில் மாற்றம் செய்யும்முன், பழைய நிலைக்குத் திரும்பும் வழியை அமைத்துக்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், உலகின் பல நாடுகளில் கணினித் திரைகள் நீல நிறமாகி உறைந்து நின்றன. விமானங்கள் புறப்படவில்லை, மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பணிகள் தடைப்பட்டன. இந்தியாவில் சில விமான நிலையங்களில் பயணிகளுக்கான நுழைவுச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். இதற்குப் பகைவர் எவரும் காரணமல்லர். கணினிகளைக் காக்கும் மென்பொருள் ஒன்றுக்கு, அதனை உருவாக்கிய கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்புக் கோப்பில் இருந்த பிழையே காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், அதற்குள் நின்றுபோன கணினிகளுள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய நேர்ந்தது. மாற்றுவது எளிது; மாற்றத்திற்கு முந்தைய நிலைக்குத் திரும்புவது அரிது என்பதை அந்நாள் உணர்த்தியது.

வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கணினிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். புதிய மென்பொருளையோ அச்சுப்பொறிக்கான இயக்கியையோ நிறுவியபின் கணினி தடுமாறுவதுண்டு. அந்நிலையில் உதவுவதற்காக விண்டோஸில் அமைந்துள்ள வசதியே மீட்புப் புள்ளி.

மீட்புப் புள்ளி

கணினியின் இயக்க அமைப்பு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையைக் குறித்து வைப்பதே மீட்புப் புள்ளி ஆகும். இயக்க அமைப்பின் கோப்புகள், வன்பொருள்களை இயக்கும் இயக்கிகள், நிறுவப்பட்ட மென்பொருள்கள், கணினியின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி ஆகியன இதில் அடங்கும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் மி பதிப்பில் இவ்வசதி அறிமுகமானது.

இதற்காக வன்தட்டு முழுவதும் படியெடுக்கப்படுவதில்லை. புள்ளி அமைக்கப்பட்ட பின்னர், வன்தட்டின் ஒரு பகுதியில் புதிய தரவு எழுதப்படும்போது, அவ்விடத்தில் இருந்த பழைய தரவு முதலில் தனியிடத்தில் சேமிக்கப்படுகிறது. மாறாத பகுதிகள் இருந்தவாறே இருக்கின்றன. எனவேதான், புள்ளியை அமைக்கச் சிறிது நேரமே போதுமானதாகிறது. மாற்றங்கள் பெருகப் பெருக, அதற்குத் தேவைப்படும் இடமும் பெருகுகிறது. ஒதுக்கிய இடம் நிறைந்தவுடன் பழைய புள்ளிகள் நீக்கப்பட்டுப் புதியவற்றுக்கு இடமளிக்கப்படுகிறது.

அமைக்கும் முறை

விண்டோஸின் தேடு பெட்டியில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்’ எனத் தட்டச்சு செய்தால், கணினிப் பாதுகாப்புக்கான சாளரம் திறக்கும். அதில் விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள இயக்ககத்திற்குப் பாதுகாப்பு இயங்குகிறதா என்பதை முதலில் நோக்க வேண்டும். பல கணினிகளில் இது அணைக்கப்பட்டே இருக்கும். ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்திப் பாதுகாப்பை இயக்கி, வன்தட்டில் எவ்வளவு இடத்தைப் பயன்படுத்தலாம் என்பதையும் வரையறுக்கலாம். பின்னர் ‘கிரியேட்’ பொத்தானை அழுத்திப் புள்ளிக்குப் பெயரிட வேண்டும். நாளும் நேரமும் தாமாகவே பதிவாகும். ஆதலால், ‘அச்சுப்பொறி நிறுவும்முன்’ என்பதுபோலச் செய்யவிருக்கும் மாற்றத்தைக் குறிக்கும் பெயரே பின்னாளில் பயன்தரும்.

மீட்கும் முறை

கணினி தடுமாறினால், அதே சாளரத்தில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்பதைத் தேர்ந்து உரிய புள்ளியைச் சுட்ட வேண்டும். எந்தெந்த மென்பொருள்கள் நீங்கும், எவை திரும்பும் என்பதை முன்னரே காட்டும் வசதியும் அங்கு உண்டு. மீட்பு நடைபெறும்போது கணினியின் மின்னிணைப்பைத் துண்டித்தல் கூடாது. விண்டோஸ் திறக்கவே இயலாத நிலையிலும், அதன் மீட்புச் சூழலிலிருந்து இப்பணியைச் செய்யலாம்.

எல்லைகள்

மீட்புப் புள்ளி எதைக் காக்கும் என்பதைப் போலவே, எதைக் காக்காது என்பதையும் அறிதல் இன்றியமையாதது. மாணவர் எழுதிய கட்டுரையும் குடும்பத்தினர் சேர்த்து வைத்த ஒளிப்படங்களும் அதன் காவலுக்குள் வருவன அல்ல. மீட்பின்போது அவை அழிவதில்லை. ஆனால், அழிந்துபோனவை அதனால் திரும்புவதுமில்லை.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பை நிறுவியபின் தங்கள் சொந்தக் கோப்புகள் மறைந்ததாகப் பயனர் சிலர் தெரிவித்தனர். மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டை நிறுத்தி, பிழையைத் திருத்தி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. இத்தகைய இழப்பிலிருந்து காப்பது, வேறொரு சேமிப்புக் கருவியில் எடுத்து வைத்த நகல் ஒன்றே. மேலும், மீட்புப் புள்ளிகள் அதே கணினியின் வன்தட்டில்தான் உள்ளன. வன்தட்டு பழுதடைந்தால் அவையும் உடன் அழியும். ஆகவே, இயக்க அமைப்புக்கு மீட்புப் புள்ளி, உழைப்பின் பயனுக்குத் தனி நகல் என இரண்டும் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவோர் வெள்ளத்தை விரும்புவோர் அல்லர். அதனை எதிர்பார்க்கத் தெரிந்தவர்கள். மீட்புப் புள்ளியை அமைப்பவரும் அத்தகையவரே. திரும்பும் வழியை அறிந்தவர் புதியதை முயல அஞ்சுவதில்லை. சில நொடி முன்னெச்சரிக்கை, கற்பவருக்குத் துணிவையும் தருகிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையுடன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கி, அதற்குப் பொருத்தமான பெயரிடுக.
2. மீட்புப் புள்ளி, கோப்புகளின் தனி நகல் ஆகியவற்றின் பயன்களை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
3. ‘திரும்பும் வழியை அறிந்தவர் புதியதை முயல அஞ்சுவதில்லை’ – இக்கூற்று கணினிக்கு மட்டுமே பொருந்துமா? வகுப்பறையில் கலந்துரையாடுக.