ஆடுகிற மேசை என்ன சொல்கிறது?



லயங்களுக்குப் போய் வரும்போது ஒரு நல்ல காரியம் கண்ணில் படுகிறது. பிள்ளைகள் படிப்பதற்காக அப்பாமார் தங்கள் கையாலேயே மேசை, வாங்கு, புத்தகத் தட்டு என்று செய்கிறார்கள். கடையில் மேசைக்குச் சொல்லுகிற விலையை நினைத்தால் இது பெரிய விஷயம்தான். ஆனால் அப்படிச் செய்த மேசைகளில் பல, கொஞ்ச நாளில் இஸ்தோப்பு மூலைக்குப் போய், மழைக்காலம் வந்ததும் அடுப்புக்குப் போய்விடுகின்றன. "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்று சொல்லி, இரவல் வாங்கிய வாளையும் உளியையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை பழையபடி கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறது.

அடுப்புக்கு வெட்டுவதற்கு முன் அந்த மேசையை ஒரு தடவை கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பதை அந்த மேசையே காட்டிவிடும்.

ஒரு டிவிசனில் கவ்வாத்து வெட்டுகிற ஒரு தகப்பனார். மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். காற்றில் விழுந்த ஒரு சவுக்கு மரத்தில் (கிரவிலியாவைத்தான் சொல்கிறேன்) முறைப்படி கேட்டுத் துண்டு வாங்கி, அறுத்து, அடுத்த கிழமையே மேசையை முடித்துவிட்டார். மேலே 10 அங்குல அகலப் பலகை இரண்டு. மூன்று மாதத்தில் இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. ஒரு பலகை கிண்ணம் மாதிரி வளைந்து, ஆணி அடித்த இடத்தில் நீளமாக வெடித்திருந்தது. எழுதும்போது மேசை கிடுகிடு என்று ஆடும். "சார், மரம் சரியில்லை, இந்த மரமே இப்படித்தான்" என்றார். பாவம், மரத்தின் மேல் பழி!

பச்சை மரத்துக்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. காயும்போது பலகை சுருங்கும். நீளவாட்டில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அகலத்தில்தான் சுருங்கும். 10 அங்குல அகலப் பச்சைப் பலகை காய்ந்து முடியும்போது கால் அங்குலம் வரை, சில மரத்தில் அதற்கு மேலும் குறைந்துவிடும். அவர் பலகையின் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து இறுக்கிவிட்டார். பலகை சுருங்கப் பார்க்கிறது, ஆணி விடமாட்டேன் என்கிறது. பின்னே வெடிக்காமல் என்ன செய்யும்?

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையில் பறித்த கொழுந்துக்கு நிறுவையில் ஏன் கழிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் (கழிக்கிற அளவைப் பற்றிய சண்டை வேறு). பெக்டரியில் கொழுந்தை வாட்டாமல் ரோலருக்குள் போடுவார்களா? பலகையும் அப்படித்தான். வாட்டிய பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும்.

எப்படி வாட்டுவது? நிலத்தில் படாமல் கட்டைகளின் மேல் பலகையை அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வருகிற மாதிரி வையுங்கள். குச்சி கோணினால் பலகையும் கோணும். மேலே பாரமான கல். மழையும் நேர் வெயிலும் படக்கூடாது, காற்று மட்டும் ஊடே போக வேண்டும். பலகையின் இரண்டு தலைப்பிலும் மிஞ்சிய பெயின்டையோ உருக்கிய மெழுகையோ தடவிவிட்டால் முனை வெடிப்பது குறையும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேல் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வெளிப்பக்கம் அவசரமாகக் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, பலகை பிளந்துபோகும்.

ஒரு அங்குலப் பலகைக்கே நமது மலையில் பல மாதம் பிடிக்கும். காலமும் இடத்துக்கு இடம் மாறும். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்தால் பலகை காயவே காயாது. தை, மாசி மாதங்களே அங்கே நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது நன்றாகக் காயும். காய்ந்ததா என்று அறிய ஒரே பலகையை மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று தடவை நிறை குறையாமல் நின்றால் எடுக்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மேசை ஆடியதும் நாம் செய்வது என்ன? ஒரு காலை அறுக்கிறோம். பிறகு மற்றக் கால் நீளமாகத் தெரிகிறது, அதையும் அறுக்கிறோம். கடைசியில் மேசை பலகைக்கட்டையாகிவிடுகிறது! வாளைத் தொடுவதற்கு முன் மேசையை அதே இடத்தில் அரைச்சுற்றுத் திருப்பிப் பாருங்கள். முன்பு தூக்கி நின்ற அதே கால்தான் இப்போதும் தூக்கி நிற்கிறது என்றால் பிழை மேசையில். கால் மாறி, தரையின் அதே இடத்தில்தான் இடைவெளி தெரிகிறது என்றால் தரை பள்ளம். நமது காம்பராக்களின் பழைய சீமெந்துத் தரையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு சின்ன ஆப்போடு முடிகிற வேலைக்கு நல்ல காலை வெட்டிவிடக் கூடாது. கால்தான் பிழை என்றால், சமமான இடத்தில் மேசையை வைத்து, குட்டைக் காலுக்கு ஆப்பு கொடுத்து ஆடாமல் நிறுத்துங்கள். பிறகு ஒரு சின்னக் கட்டையைத் தரையில் வைத்து, அதன் மேல் விளிம்பில் பென்சிலைப் பிடித்து, நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுங்கள்.

இவருடைய மேசையில் கால் நீளம் சரியாகத்தான் இருந்தது. மேற்பலகையிலிருந்து நேரே காலின் தலைக்குள் ஆணி இறக்கியிருந்தார். மர நாருக்கு நேராக இறங்குகிற ஆணிக்குப் பிடிப்பு குறைவு, ஆட ஆடக் கழன்று வரும். காலையும் காலையும் இணைக்கிற சட்டமும் இல்லை. மேற்பலகைக்குக் கீழே நாலு பக்கமும் மூன்று நாலு அங்குல அகலச் சட்டம் வேண்டும். அதோடு பின்பக்கத்தில் ஒரு சாய்வுக் கட்டை. கூரைக் கைமரத்தைப் பாருங்கள், முக்கோணம் அசையாது. சட்டம் அடிக்கும்போது மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்து இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால்தான் மேசை சதுரிப்பாக இருக்கிறது.

ஆணி, மெல்லிய பலகையின் தடிப்பைப் போல் மூன்று மடங்கு நீளம் இருந்தால் போதும். அதன் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கி அடித்தால் பலகை வெடிப்பது குறையும். பழைய கூரைமரத்தைப் பிரித்து வேலை செய்கிறவர்கள் துரு ஆணியை முதலில் பிடுங்கி ஒரு டின்னில் போடுங்கள். காலில் ஏறினால் வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு வலி ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொரு பிழையும் இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. பெரியவர்கள் எழுதுகிற மேசையின் அளவான 30 அங்குல உயரத்தை அப்படியே எடுத்திருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நெஞ்சு மட்டத்துக்கு வரும். பாதம் இரண்டும் தரையில் படுகிற மாதிரிப் பிள்ளையை வாங்கில் உட்கார வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். அந்த மகளுக்கு 23 அங்குலம் வந்தது. "அதான் புள்ள தோள் வலிக்குது, தோள் வலிக்குதுன்னு சொன்னுச்சு. படிக்கக் கள்ளம்னு நெனச்சேன்" என்றார் தாயார்.

மேசையை எரிக்கவில்லை. பலகை அதற்குள் தானாகவே ஓரளவு காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி இன்னும் இரண்டு மாதம் பரணில் அடுக்கினார்கள். வளைந்த பலகையை நீளவாட்டில் இரண்டாக அறுத்துச் சீவியதும் வளைவு பெரும்பாலும் போய்விட்டது. வெடித்த ஓரம் சட்டத்துக்குப் பயன்பட்டது. கால்கள் நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று, குறைக்கலாம் அல்லவா? பிள்ளை வளருமே என்று 25 அங்குலம் வைத்து, வாங்கையும் அதற்கேற்ப உயர்த்தி, பாதத்துக்குக் கீழே ஒரு கட்டை போட்டுக் கொடுத்தார். நடுவில் இப்போதும் ஒரு கோடு தெரிகிறது. அதன் மேல் ஒரு காலண்டர் அட்டையை விரித்து எழுதுகிறாள்.

மேற்பலகையின் அடியில், மரம் அறுத்த மாதம், ஆணி அளவு, பிள்ளையின் முழங்கை உயரம் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அடுத்தது தம்பிக்கு ஒரு வாங்காம். பலகை இப்போது இஸ்தோப்பில் அடுக்கிக் கிடக்கிறது, மேலே அம்மிக்கல்!