ஆடியில் லென்ஸ் பாருங்கள்

ஆடி பிறந்தால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் கையில் நேரம் இருக்கும், வைகாசி, ஆனியில் வந்த காசும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் காசு லென்ஸ் லென்ஸ் என்று அரிக்கும். "ஐயா, 85 எஃப் 1.8 வாங்கவா, 50 போதுமா, கடன்பட்டாவது 1.4-க்குப் போயிரவா?" என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

1. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தை அளந்து பார், தம்பி. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85-ஐ மாட்டினால், நிற்கிற ஒரு ஆளை உச்சந்தலை முதல் பாதம் வரை அடக்க ஏறக்குறைய 5 மீட்டர் பின்னால் போக வேண்டும். கிராப் சென்சார் கேமரா என்றால் ஏழரை மீட்டர், அதாவது 25 அடி. மணவறையிலிருந்து 25 அடி தள்ளி நின்றால் நீ நாற்காலி வரிசைக்குள் இருப்பாய். உனக்கும் பொண்ணுக்கும் நடுவில் பெரியப்பா ஒருத்தர் மொய் எழுத யாரையாவது தேடிக்கொண்டு நிற்பார். ஆகவே கிராப் கேமராக்காரர்களுக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: முதல் லென்ஸ் 50. அதில் அது 75, 80 மாதிரி வேலை செய்யும், முகத்துக்கு அதுவே போதும். 85 பிறகு வரட்டும்.

2. 1.4 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதே. 1.8-க்கும் 1.4-க்கும் நடுவில் இருப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. 3200 வைக்கிற இடத்தில் 2000 வைப்பாய், அவ்வளவுதான். இன்றைய கேமராக்களில் அந்த வித்தியாசம் ஆல்பத்தில் தெரியாது. எடை தெரியும். 2017-இல் வந்த சோனி 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம். அதே கம்பெனியின் முதல் 85 எஃப் 1.4 ஜி.எம். லென்ஸ் 820 கிராம். காலை நாலு மணிக்கு முகூர்த்தக்கால் தொடங்கிப் பந்தி முடிகிற வரை கழுத்தில் தொங்கப் போவது எது என்று யோசி. விலை வித்தியாசத்தில் இரண்டு நல்ல லைட்டும் ஸ்டாண்டும் வாங்கலாம். நாங்கள் யாஷிகா 635-இல் எடுத்த காலத்தில் லென்ஸ் எஃப் 3.5தான், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். அந்தக் கல்யாணப் படங்கள் இன்னும் வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன.

3. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, அநேகம் பேர் விழுகிற பள்ளம் இதுதான். ஃபுல் ஃப்ரேமில் 85-ஐ 1.8-இல் திறந்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்கிற முகத்தை எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து 6 சென்டிமீட்டர்தான் துல்லியமாக விழும். ஒன்றரை மீட்டருக்குப் போனால் மூன்றரை சென்டிமீட்டர்கூட நிற்காது. கண் சரியாக வரும், காது மங்கும். காதில் இருப்பது என்ன? ஜிமிக்கி. ஆசாரியிடம் நாலு தடவை நடந்து, கூலி கொடுத்துச் செய்து போட்ட நகை. "தம்பி, பொண்ணு அழகா இருக்கு, ஜிமிக்கி எங்கே?" என்று பொண்ணோட அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து நகை போட்ட முகம் என்றால் 2.8-இலிருந்து 4-க்குள்தான் எடுக்கிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நின்றால் 4. ஒருத்தர் அரை அடி பின்னால் நின்றால்கூட 1.8 அவரை அழித்துவிடும். அப்படியானால் 1.8 எதற்கு? கரண்ட் போன மண்டபத்துக்கு, குத்துவிளக்கு வெளிச்சத்துக்கு, பின்னணியில் பிளாஸ்டிக் நாற்காலியும் சாம்பார் வாளியும் தெரியாமல் மறைப்பதற்கு.

4. சுவரைப் படம் எடுத்து லென்ஸ் பார்க்கிற பழக்கத்தை விடு. செங்கல் சுவர் எந்த லென்ஸிலும் நன்றாகத்தான் வரும். கூர்மை பார்க்க ஆசையாக இருந்தால் குடுமியான்மலைக்குப் போய், அனுமதி கேட்டு, முன்மண்டபத்துச் சிலைகளை எடு. கண் சிமிட்டாது, பொறுமையாக நிற்கும். கல்லில் உளியோடிய கோடு 1.8-இல் எப்படி, 2.8-இல் எப்படி என்று ஓரம் வரைக்கும் பார்க்கலாம். ஆனால் அதோடு முடிக்காதே. வீட்டுக்கு வந்து அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முப்பது படம் எடு. சிரிப்பார், தலை ஆட்டுவார், வெற்றிலை மெல்லுவார். முப்பதில் எத்தனை படத்தில் கண்ணில் ஃபோகஸ் நின்றது என்று எண்ணு. அந்தக் கணக்கு உன் கேமராவும் லென்ஸும் சேர்ந்து வாங்கிய மார்க்.

இன்னொன்று. அப்பத்தா கறுப்பு என்றால் படத்திலும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வெளுத்துக் காட்டினால் லென்ஸின் குணமும் தெரியாது, அப்பத்தாவும் தெரிய மாட்டார்.

5. பின்னணி மங்கலை எல்லோரும் இப்போது பொக்கே என்கிறார்கள். அதைப் பார்க்கக் கோயில் திருவிழாவைப் போல இடம் இல்லை. சீரியல் லைட் பின்னால் இருக்க, 1.8-இல் ஒரு ஆளை எடு. நடுவில் விளக்குகள் வட்டமாக இருக்கும், ஓரத்தில் பூனைக்கண்ணாக நசுங்கும். கொஞ்சம் நசுங்குவது எல்லா லென்ஸுக்கும் உண்டு. வட்டத்துக்குள் வெங்காயத்தை வெட்டினது போல வளையம் வளையமாகத் தெரிகிறதா, அதைக் கவனி. பிறகு 2.8-க்கு மூடி எடு. 1990-இல் வந்த கேனன் 50 எஃப் 1.8-இல் அபர்ச்சர் இதழ்கள் ஐந்துதான், விளக்கெல்லாம் ஐங்கோணமாகிவிடும். 2015-இல் வந்த எஸ்.டி.எம். லென்ஸில் ஏழு இதழ் வைத்தார்கள், பார்க்கத் தேவலை. மாசிமகத்துக்குக் குளமங்கலம் போனால், பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெரிய குதிரைமேல் மலைபோலக் காகித மாலைகள் கிடக்கும். அந்த நிறக் குவியலைப் பின்னால் வைத்து ஒரு முகம் எடுத்துப் பார். பின்னணி வெண்ணெயாக உருகுகிறதா, நரம்பு நரம்பாகப் பிசிறடிக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

6. வெயிலில் மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, பட்டுச்சேலையின் ஜரிகை. இந்த மூன்றையும் முழுக்கத் திறந்து எடுத்து, பெரிதாக்கிப் பார். விளிம்பில் ஊதா படிந்திருக்கும், ஃபோகஸுக்குப் பின்னால் பச்சை படியும். லேசாக இருந்தால் கம்ப்யூட்டரில் துடைக்கலாம். ஜரிகை முழுக்க ஊதாவானால் அந்த லென்ஸை வைத்துவிட்டு வா.

7. வீடியோவுக்கு வேறு பரீட்சை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமில் ஷட்டர் 50-இல் ஒன்று என்று வைத்தால் டியூப்லைட் துடிக்காது. நட்டநடு வெயிலில் அதே ஷட்டர், ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் 1.8 என்று வைத்தால் ஏழு ஸ்டாப் வெளிச்சம் அதிகம். என்.டி. ஃபில்டர் இல்லாமல் 1.8 பகலில் உதவாது, அதையும் லென்ஸ் விலையோடு கூட்டிக்கொள். அடுத்து, ஃபோகஸைப் பொண்ணின் முகத்திலிருந்து தாலித் தட்டுக்கு மாற்றிப் பார்: படம் ஜூம் போட்டதுபோல உள்ளே போய் வெளியே வருகிறதா? வந்தால் அந்த லென்ஸ் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். மோட்டார் சத்தம் நாதஸ்வரத்தில் அமுங்கிப் போகும். தனியறையில் மாப்பிள்ளையைப் பேட்டி எடுக்கும்போது கரகரவென்று மைக்கில் ஏறும். பல 85-களில் ஆட்டம் தடுக்கும் வசதி லென்ஸுக்குள் இருக்காது, மோனோபாடாவது வேண்டும்.

ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வந்த 'பாரி லிண்டன்' படத்தில், நாசாவுக்காகச் செய்த எஃப் 0.7 ஜெய்ஸ் லென்ஸை வைத்து மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். நடிகர்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. ஃபோகஸ் பார்க்கிறவருக்குத் தூரம் தெரிய, பக்கவாட்டில் தனியாக ஒரு வீடியோ கேமரா வைத்தார்கள். நம் மாப்பிள்ளை அசையாமல் உட்கார மாட்டார், உனக்கு உதவியாளும் இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் 2.8-க்குக் கீழே போகாதே. அந்த இடத்தில் ரீடேக் கிடையாது.

8. பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பார். சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, மவுண்ட் ஸ்க்ரூக்களில் கீறல் இருக்கிறதா என்று பார். கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். நம் செம்மண் தூசி ஃபோகஸ் வளையத்தில் புகுந்தால் திருப்பும்போது நறநறக்கும். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த லென்ஸ் என்றால் இன்னும் உற்றுப் பார். என் நல்ல லென்ஸ் ஒன்றை ஓர் ஐப்பசி மழையில் தோல் பையோடு பீரோவில் பூட்டி வைத்தேன். தை மாதம் திறந்தபோது பூஞ்சை பூத்திருந்தது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம். செலவு நூறு, இருநூறு ரூபாய்.

9. இவ்வளவும் பார்த்த பிறகும் உடனே வாங்காதே. ஒரு நாள் வாடகைக்கு எடு, ஏதாவது காதுகுத்துக்குக் கொண்டுபோ.

எடுத்த படங்களைத் திருத்தாமல் அப்படியே கார்டில் வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்குக் கொண்டுவா. ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு நேரம் இருக்காது.