அருவிக் கிழவன்

1960ஆம் ஆண்டு முதல் நோர்வேயின் தேசியப் பறவையாக விளங்குவது ஒரு சிறு பாடும் பறவை. அதன் பெயர் ஃபொஸ்ஸெகல். 'ஃபொஸ்' என்றால் அருவி. 'கல்' என்பது நமது கல்லன்று. கிழவன் என்பது அதன் பொருள்.

இக்கிழவனின் எடை ஏறத்தாழ 60 கிராம்தான். உடல் கருங்கபில நிறம்; தொண்டையும் மார்பும் தூய வெண்மை. பாறைமீது நின்று குந்தி குந்தி எழும். திடீரென ஓடைக்குள் மறையும். தவறி விழுந்துவிட்டதென்று அஞ்சற்க. சிறகுகளால் நீரை உந்தி, கால்களால் கற்களைப் பற்றி, அடியிலே பூச்சிப் புழுக்களைத் தேடுகின்றது! ஐரோப்பாவின் பாடும் பறவைகளுள் இவ்வாறு நீரில் மூழ்கி இரைதேடுவது இது ஒன்றே. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த இறகுகள் குளிர்நீரை உடலில் அண்டவிடா. நீருள் மூக்குத் துவாரங்களும் மூடிக்கொள்ளும். சிலவேளை பாயும் அருவிக்குப் பின்னாலேயே கூடு கட்டும். எந்தப் பூனை அங்கே போகும்?

மாரியில் மலையோடைகள் உறையும்போது, உறையாத நீரைத் தேடிக் கரையோரம் இறங்கி வரும். மற்றப் பறவைகள் வாய்மூடியிருக்கும் அக்காலத்திலும் ஆணும் பெண்ணும் பாடும்.

யாழ்ப்பாணத்திலே அருவியுமில்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமில்லை. இப்பறவையும் இலங்கையில் வாழ்வதில்லை. ஆதலால் இதற்குப் பெயரிடும் தேவை நம் முன்னோர்க்கு ஏற்படவில்லை. அவ்வேலை பேர்கனில் வளரும் உங்களுக்கே வாய்த்திருக்கின்றது. 'நீர்மூழ்கிச் சிட்டு' என்பது எனது தெரிவு. இதனினும் நல்ல பெயர் தோன்றினால் அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எழுதுங்கள்.